தகடும் விரலும்: ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை வாசித்தது பற்றி

ஆவணக்காப்பகம் பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. பூக்கோ 1969இல் எழுதிய 'அறிவின் தொல்லியல்', தெரிதா 1994இல் லண்டனில் உரையாக நிகழ்த்தி மறுவருஷம் நூலாக்கிய 'ஆவணக் காய்ச்சல்' இரண்டும் சிற்றிதழ் வாசகருக்குப் பெயரளவிலாவது பழக்கமானவை. எதைச் சேமிப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரம், ஆவணத்தின் மௌனங்கள், விளிம்புநிலைக் குரல்கள் என்றெல்லாம் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. அந்தக் கட்டுரைகள் எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டன, அந்த இயந்திரங்கள் இப்போது எங்கே என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கக் காணோம். எண்பதுகளின் இறுதியிலிருந்து அச்சுக்கோப்பவரின் இடத்தில் டி.டி.பி. வந்து உட்கார்ந்தது. ஈய எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் பக்கம் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். கணினியில் அடித்தது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ!

நான் சொல்ல வருவது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் பற்றி. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பரணில் பல வருஷமாகக் கிடந்த 386 கணினிக்குள் அது இருந்தது. சீகேட் கம்பெனியின் எஸ்.டி.3144ஏ ரகம். கொள்ளளவு 130 மெகாபைட். இன்று செல்போனில் பிடிக்கிற சில நிமிஷ வீடியோவுக்கே பற்றாது. தொண்ணூறுகளின் முதல் பாதியில், தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களின் பேச்சைக் கேசட்டில் பதிந்து நண்பர்கள் சிலர் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். அந்தக் குழுவில் நான் இல்லை. கேசட்டுகள் பூசணம் பிடித்துப் போய்விட்டன. வெளியீடு சிலரிடம் இருக்கிறது. அதை அடித்த கணினியும் இருக்கிறது என்று தெரியவந்தபோது, அச்சில் வந்ததற்கும் பேசியதற்கும் நடுவில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று பார்க்கத் தோன்றியது.

சிவகாசிக்கு அச்சு வந்தது தீப்பெட்டி வழியாக. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது; லேபிலுக்காக லித்தோ; பிறகு ஆஃப்செட், காலண்டர், டைரி, வெடிக்கட்டின் மேலுறை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் வெளியாகும். இந்த வருஷத்தது எடைக்குப் போகத் தயாராகும். காலாவதியாவதையே சரக்காகக் கொண்ட அச்சு இது. ஆனால் அச்சிடுகிற மிஷின் விஷயத்தில் ஊரின் புத்தி நேர்மாறு. வெளிநாட்டில் கழித்த ஆஃப்செட் மிஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கி, தேய்ந்த பல்சக்கரத்தை லேத்தில் கடைந்து போட்டு, இன்னும் முப்பது வருஷம் ஓட்டுவார்கள். அதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் நாலு வருஷத்தில் பரணுக்குப் போகிறது. மிஷின் மூலதனம், கம்ப்யூட்டர் செலவு என்பது முதலாளி சொல்கிற காரணம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பல்சக்கரத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் அளக்கலாம். ஹார்ட் டிஸ்க் மூடிய பெட்டி. உள்ளே தகட்டுக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே ஒரு புகைத்துகள் அளவுக்குக்கூட இடைவெளி கிடையாது. திறந்தால் போயிற்று. உள்ளூர்க் கைவினை எட்ட முடியாதபடி செய்யப்பட்ட முதல் அச்சுக்கருவி என்று இதைச் சொல்லலாம்.

எட்ட முடியாது என்பது முழு உண்மையில்லை என்று விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கிற மெக்கானிக் தோழர் காட்டினார். 386இன் மதர்போர்டு செத்துவிட்டது. தேதியையும் டிஸ்க்கின் அளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சின்ன பாட்டரி கசிந்து, பச்சை பூத்துச் செம்புத் தடங்களைத் தின்றிருந்தது. கடையில் கிடைக்கிற யு.எஸ்.பி. அடாப்டரில் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தோம், பதிலில்லை. காரணம் எளிது. இன்றைய கருவி டிஸ்க்கின் கட்டங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணால் கேட்கிறது. இந்தப் பழசுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சிலிண்டர் எத்தனையாவது, தலை எத்தனையாவது, அதில் கட்டம் எத்தனையாவது என்று மூன்று எண்ணால்தான் கேட்க வேண்டும். தெருப் பெயர், வீட்டு எண், மாடி என்று விலாசம் சொல்வதுபோல. ஆகவே ஒரு பழைய பென்டியம் போர்டு தேடிப் பிடிக்கவேண்டி வந்தது. அதில் இரண்டு ஐ.டி.இ. தடங்கள் உண்டு. முதல் தடத்தில் இந்த டிஸ்க்கைத் தனியாக, ஜம்பரைப் பார்த்து, மாட்டினார். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் சண்டை போடும் என்றார். இரண்டாவது தடத்தில் காமிராவில் போடுகிற காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. அது ஐ.டி.இ. மொழியே பேசும், டாஸ் அதையும் ஒரு ஹார்ட் டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும்.

கரண்ட் கொடுத்தால் டிஸ்க் சுழலவில்லை. பல வருஷம் நின்றதில் தலை தகட்டோடு ஒட்டிக்கொண்டது. தோழர் பெட்டியை உள்ளங்கையில் வைத்து, கரண்ட் கொடுத்த கணத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினார். மூன்றாவது தடவை விர்ரென்று கிளம்பியது. "இனிமே அணைக்கக் கூடாது தோழர், எடுக்க வேண்டியதை எடுத்துட்டுத்தான்" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. பென்டியம் போர்டு டிஸ்க்கைத் தானே விசாரித்து, அதன் மேல் அச்சிட்டிருக்கிற எண்களையே சொன்னது: 1001 சிலிண்டர், 15 தலை, 17 கட்டம். பெருக்கினால் 2,55,255 கட்டம். கட்டத்துக்கு 512 பைட். எல்லாம் சரி. ஆனால் உள்ளே போனால் குப்பை. அடைவு பாதி, மீதி எழுத்துக் கூளம். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருப்போம். தோழர் பழைய 386இன் தகர மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தார். பால்பாயின்ட் பேனாவால் வேறு மூன்று எண்கள் எழுதியிருந்தன. முதலில் அதை மாட்டிய யாரோ ஒரு மெக்கானிக் தன் வசதிக்கு எழுதி வைத்தது. விஷயம் இதுதான்: ஐ.டி.இ. டிஸ்க் கொஞ்சம் இணங்கிப் போகிற ஜாதி. உனக்கு இத்தனை தலை, இத்தனை கட்டம் என்று பயாஸ் எந்தக் கணக்கைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டி, அதற்கேற்ப விலாசத்தை மாற்றிக்கொள்ளும். பழைய பயாஸில் ஒரு கணக்கைச் சொல்லி எழுதியிருந்தார்கள். புதியது வேறு கணக்கைச் சொல்லிப் படித்தது. டிஸ்க் எதிர்ப்பே காட்டாமல் எல்லாவற்றையும் கொடுத்தது, வரிசை மாறி. மூடியில் கண்ட எண்களைக் கைப்பட அடித்துக் கொடுத்ததும் அடைவு நேராக நின்றது. அட்டைக்கு நகலெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

எதிர்ப்பில்லாமல் கொடுப்பதும் சரியாகக் கொடுப்பதும் ஒன்றில்லை. பிரதி எந்த வாசிப்புக்கும் இடம் கொடுக்கும் என்று ஒரு காலத்தில் நாம் கொண்டாடியதுண்டு. இந்த டிஸ்க்கும் இடம் கொடுத்தது. கொடுத்த இடமெல்லாம் கூளம். வாசிக்கும் விதி தகட்டில் இல்லை. அது தகர மூடியில், பெயர் தெரியாத கூலிக்காரரின் கையெழுத்தில் இருந்தது. அந்த மூடி பழைய இரும்புக்கு எடை போடப்பட்டிருந்தால் என்ன கோட்பாட்டை வைத்து மீட்பது?

இரண்டாவது பூட்டு எழுத்துரு. கோப்புகள் பேஜ்மேக்கர் 5இல் செய்தவை. அந்த மென்பொருள் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன ஒன்று. அதன் வாரிசான இன்டிசைனும் சி.எஸ்.6 பதிப்புக்குப் பிறகு பேஜ்மேக்கர் கோப்பைத் தொடுவதில்லை. அதே பென்டியத்தில் பேஜ்மேக்கர் 6.5 போட்டுத் திறந்தோம். பக்கம் வந்தது. எழுத்து வரவில்லை. தமிழ் ஃபாண்ட் அந்நாளில் பிரின்டர் போர்ட்டில் செருகும் பூட்டுக்கட்டையோடு விற்கப்பட்ட மென்பொருளோடு வந்தது. கட்டையும் போய், ஃபாண்ட்டும் போய்விட்டது. திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற குறியீடுகளையும் ஒரு விசைப்பலகையையும் தரமாக அறிவிக்கும்வரை, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு தமிழை வைத்திருந்தது. யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும் நம் அச்சகங்களுக்குள் அது வந்து சேர இன்னும் நெடுங்காலம் பிடித்தது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது அச்சுக்கோப்பவரின் சிரமமும் அவர் கணக்கில் இருந்தது. 1978இல் அரசாணை வந்தது. நல்லதோ கெட்டதோ, அது தெருவில் நடந்த விவாதம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஃபாண்ட் விவகாரம் கம்பெனிகளின் அலமாரிக்குள் நடந்தது. தமிழை இருநூற்றுச் சொச்சம் குழிகளுக்குள் அடைக்கிற வேலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்து, வரைபடத்தை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். மொழி தனிச்சொத்தானதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. மொழிப்பற்றுள்ள நம் இயக்கங்கள் இதைப் பற்றி அன்றைக்கு மூச்சுவிட்டதாகவும் ஞாபகமில்லை.

பூக்கோவிடம் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. 'அறிவின் தொல்லியல்' நூலில் தட்டச்சுப் பொறி பற்றி ஓரிடம் வரும். விசைப்பலகையில் எழுத்துகள் இருப்பது கூற்று ஆகாது. அதே எழுத்து வரிசையைத் தட்டச்சுக் கையேட்டில் அச்சிட்டால், அது பிரெஞ்சுப் பொறிகள் ஏற்றுக்கொண்ட வரிசை பற்றிய கூற்றாகிவிடும் என்கிறார். ரொம்பப் பேர் தாண்டிப் போகிற இடம். நம் கோப்பு விஷயத்தில் இது நேரடியாக வேலை செய்தது. கையேடு காணாமல்போன விசைப்பலகைதான் எங்கள் முன் இருந்தது.

கையேடு ஒரு பெண்ணின் விரலில் இருந்தது. அந்த வெளியீட்டை அடித்த டி.டி.பி. ஆபரேட்டர் அம்மா இப்போது வேறோர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு ஃபாரக் கணக்குக்குக் கூலி. வெளியீட்டின் நன்றிப் பக்கத்தில் தாள் கொடுத்தவர்வரை பெயர் இருக்கிறது; இவர் பெயர் இல்லை. ஆங்கிலக் குவியலைத் தாளில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கை விரல்களை மேசை மேல் லேசாக அசைத்துக்கொண்டே, வாசித்தார். நிஜமாகவே வாசித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவின் பெயரோடு சேர்ந்த தட்டச்சுப் பலகையின் வரிசை அவர் லோயர் பரீட்சைக்குப் படித்தது. ஃபாண்ட் பெரும்பாலும் அதை ஒட்டியே இருந்தது. இலங்கைத் தமிழரிடையே பரவலான பாமினி எழுத்துருவும் இதே குடும்பம்தான். அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். ஆனால் பாமினியைப் போட்டால் பாதிதான் நேராகும். உகர, ஊகாரங்களும் சில கூட்டெழுத்துகளும் வேறு குழிகளில் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அந்தப் பட்டியல் இப்போது பிறர் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது.

ஒரு குறி மட்டும் எந்த எழுத்துக்கும் பொருந்தவில்லை. பேச்சின் நடுநடுவே வந்தது. கேட்டேன். "அது எழுத்தில்லண்ணே. கையெழுத்துப் புரியலன்னு சொன்னதும் கேசட்டையே குடுத்துட்டாக. அந்தம்மா பேசாம இருந்த எடத்துல இதைத் தட்டிக்கிட்டே போனேன்."

வட்டில் கோப்பு இரண்டு விதமாக இருந்தது. முதலில் கேட்டு அடித்தது; பிறகு நண்பர்கள் திருத்திக் கொடுத்தது. அச்சுக்குப் போனது இரண்டாவது. முதலாவதை ஏன் அழிக்கவில்லை என்றேன். "திருத்துனது பிடிக்காம திரும்பப் பழசைக் கேப்பாக. கேட்டா மறுபடி ஆரு அடிக்கிறது?" காப்பக உணர்வு ஒன்றுமில்லை, கூலி கிடைக்காத மறுவேலைக்கு எதிரான தற்காப்பு. அதனால்தான் பிழைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம் துண்டறிக்கைத் தமிழ் என்ன காரியம் செய்கிறது என்று தெரியும். வெளியீட்டில் 'பட்டாசுத் தொழிற்சாலை' என்று வருகிற இடமெல்லாம் கோப்பில் 'பயராபீசு'. தீப்பெட்டிக் கம்பெனிக்குத் 'தீப்பெட்டியாபீசு'. இந்த வட்டாரத்தில் எல்லோரும் இன்றைக்கும் சொல்கிற சொல்தான். கரட்டுக் காட்டில் தகரக் கொட்டகைக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்ததில் ஓர் ஆசையும் ஒரு கேலியும் கலந்திருக்கிறது. கரிசல் மழை பொய்த்த பிறகு மாதச் சம்பளம்போல வாரச் சம்பளம் வருகிற இடம் அது. தொழிற்சாலை என்று திருத்தியவுடன் ஆசை, கேலி இரண்டும் போய், சங்கம் வைக்கத் தகுந்த இடமாக மட்டும் அது மிஞ்சுகிறது.

வெளியீட்டில் ஒரு வாக்கியம்: 'வேதிப்பொருட்களைக் கையாளும் பெண்களின் உடல்நலம் கடுமையாகப் பாதிக்கப்படுகிறது.' கோப்பில் அந்த இடம்: "அலுமினியப் பொடி கையில ஏறிருச்சுன்னா எத்தன சோப்புப் போட்டாலும் போகாது. பெசஞ்ச சோத்துல மினுமினுங்கும். மொதலாளி நமக்குக் குடுத்த வெள்ளி அம்புட்டுத்தான்." (இந்த வட்டின் தகடும் அலுமினியம்தான் என்று மெக்கானிக் தோழர் பிறகு சொன்னார். சும்மா சொல்லி வைக்கிறேன்.)

இவை நடைக் கோளாறு என்று விட்டுவிடலாம். விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. வெளியீடு சொல்கிறது: 'விடியுமுன்பே குழந்தைகள் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றனர்.' கோப்பில் தாய் சொல்கிறாள்: "நாலு மணிக்கு பஸ்ஸு வந்து ஆரன் அடிப்பான். பெய எந்திரிக்க மாட்டான். அப்படியே தூக்கிட்டுப் போயி பஸ்ஸுல போட்டுட்டு வந்துருவேன். ஒறக்கத்துலயே போவான்." பிறகு அந்தக் குறி, நாலைந்து தடவை.

ஏற்றிச் செல்லப்படுகின்றனர். யார் ஏற்றினார்கள்? செயப்பாட்டு வினைக்குள் அந்தத் தாய் மறைக்கப்பட்டுவிட்டாள். திருத்திய நண்பர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. 1986 சட்டம் வந்து, குழந்தை உழைப்பைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் வந்திருந்தது. பெற்றவர்கள்தானே அனுப்புகிறார்கள் என்று முதலாளி தரப்பு சொல்லக் காத்திருந்தது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் அதன் விலை என்ன? தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டு மௌனமாக இருந்தவளிடமிருந்து அந்த வினைமுற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான். 'போட்டுட்டு வந்துருவேன்' என்பதில் இருக்கிற குற்றம், கோபம், கணக்கு எல்லாம் சேர்ந்துதான் அரசியல். 'செல்லப்படுகின்றனர்' என்பதில் புள்ளிவிவரம் மட்டுமே இருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும், இயலாதபோது அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. குடும்பம் அங்கே கணக்கில் வந்தது, பயனாளியாக. பேசுகிறவளாக நீதிமன்றத்திலும் வரவில்லை, நம் வெளியீட்டிலும் வரவில்லை. அடித்தவள் முடக்கிப்போட்ட ஒரு கோப்பில் மட்டும் வந்தாள்.

வட்டார வழக்கைக் கதையில் கொண்டாடுகிற நாம் அறிக்கையில் அதை ஏன் சகிப்பதில்லை என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். இதே கரிசலில் பூமணி 'பிறகு', 'வெக்கை' எழுதியாகிவிட்ட பிறகுதான் இந்த வெளியீடு வந்தது. இலக்கியத்துக்கு ஒரு தமிழ், போராட்டத்துக்கு ஒரு தமிழ் என்ற பாகப்பிரிவினையை யார் செய்தது? கதையில் பேசலாம், கோரிக்கையில் பேசக் கூடாது என்றால், பேச்சு அலங்காரம் என்றுதானே ஆகிறது?

எல்லாவற்றையும் யூனிகோடாக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. மாற்றுவதற்கு முதலில் படிக்க வேண்டும். விருதுநகரில் ஒரு தோழர் வீட்டில் இதைவிடப் பழைய சீகேட் எஸ்.டி.225 ஒன்று இருக்கிறது. 20 மெகாபைட், 615 சிலிண்டர், 4 தலை. அது ஐ.டி.இ. கிடையாது, எம்.எஃப்.எம். எந்தக் கன்ட்ரோலர் அட்டையால் எழுதப்பட்டதோ அந்த ரக அட்டையால்தான் ஒழுங்காகப் படிக்க வரும். தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார்; தடம் எங்கே இருக்கிறது என்று தேடாது, கணக்குப்படி இத்தனை அடி நகர்ந்து நிற்கும். தகடு சூட்டில் விரிந்தால் நின்ற இடம் தவறிவிடும். காலையில் படிப்பது மத்தியானம் படிக்காது. நம் ஊர் வெயிலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணினியில் தமிழ் வந்தது புனே சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை மூலம். அட்டை இல்லையென்றால் அந்த இயந்திரத்துக்குத் தமிழே கிடையாது. அமெரிக்காவில் ஒருவர் பீகிள்போன் என்ற கையளவுப் பலகையைக் கொண்டு எம்.எஃப்.எம். தகட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளும் கருவி வடிவமைத்து, வரைபடத்தையும் நிரலையும் பொதுவில் வைத்திருக்கிறார். பாகங்களைச் சேர்த்துத் தருவதாக மெக்கானிக் தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்கழிக் குளிரில் விடிகாலையில் போட்டுப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை.

முதல் டிஸ்க்கிலிருந்து இன்னும் இரண்டு கோப்புகள் வாசிக்கப்படாமல் இருக்கின்றன. அவை வேறொரு ஃபாண்ட். அதற்கும் விரல் அவருடையதுதான். ஆனால் ஆடிப் பதினெட்டு தாண்டிவிட்டது, அச்சகத்தில் காலண்டர் வேலை ராப்பகலாக நடக்கிறது, ஞாயிறும் கிடையாது. போன வாரம் போனில் கேட்டேன். "தை பொறக்கட்டும்ணே" என்றார்.